லிஸ்பனில் ஒரு வாரக்கடைசி: சுற்ற, சாப்பிட, குடிக்க – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பாவில் வேலை பார்க்கும் நண்பர்கள், அவர்களைப் பார்க்க ஊரிலிருந்து வரும் பெற்றோர், படிக்க வந்த பிள்ளைகள் என்று பலரும் லிஸ்பன் போகும் முன் என்னிடம் கேட்டவை இவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டிச் சலித்துப்போய் ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். வெள்ளி இரவு இறங்கி ஞாயிறு இரவோ திங்கள் காலையோ கிளம்புவதாகக் கணக்கு.

இரண்டு நாள் போதுமா?

போதும், பட்டியல் போட்டுக்கொண்டு ஓடாமல் இருந்தால். நான் சொல்வது இதுதான்: சனிக்கிழமை மேட்டுக்கு, ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரைக்கு. சனிக்கிழமை அல்ஃபாமா, கோட்டைப் பக்கம், கிராசா, பிறகு நகர நடுவான பைஷாவும் ஷியாடுவும். ஞாயிறு பெலேம். நடுவில் உட்கார நேரம் இருக்க வேண்டும். இந்த ஊரில் உட்காருவதும் ஊர் பார்ப்பதில் சேர்த்திதான்.

பக்கத்து மலையூர் சிந்த்ரா போகாமல் வரலாமா? எல்லோரும் போகச் சொல்கிறார்களே.

வரலாம். ரோசியோ நிலையத்திலிருந்து ரயிலில் 40 நிமிடம்தான், ஆனால் அங்கே பேனா அரண்மனைக்கு நேரம் குறித்த டிக்கெட், மலையேறும் பேருந்துக்கு வரிசை என்று முழுநாளையும் தின்றுவிடும். இரண்டு நாளில் ஒரு நாளை அதற்குக் கொடுத்தால் லிஸ்பனைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. மூன்றாவது நாள் கையில் இருந்தால் தாராளமாகப் போங்கள்.

எந்த மாதம் நல்லது?

ஏப்ரல் முதல் ஜூன் வரை, இல்லையென்றால் செப்டம்பர், அக்டோபர். ஆகஸ்டில் வெயில் நம்மூர் போலவே இருக்கும்; வெயிலுக்குப் பயந்து ஐரோப்பா வந்தவர்களுக்கு ஏமாற்றம். ஜூன் 12 இரவு புனித அந்தோணியார் திருவிழா. அல்ஃபாமா சந்துகளில் வாசலுக்கு வாசல் அடுப்பு வைத்து மத்தி மீன் சுடுவார்கள், சட்டையில் ஏறிய புகை வாசனை இரண்டு சலவைக்கும் போகாது. அந்தக் கூட்டம் பிடிக்கும் என்றால் அதற்கு ஈடில்லை. அறை வாடகை மட்டும் எகிறியிருக்கும்.

விசா, பணம்?

ஷெங்கன் விசாதான், யூரோதான். குறுகிய கால விசாவுக்குக் கட்டணம் 90 யூரோ. விடுதி வாடகைக்கு மேல் ஆளுக்கு ஓர் இரவுக்கு 4 யூரோ நகர வரி உண்டு, 13 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. சிலர் அதைப் போய்ச் சேர்ந்த பிறகுதான் கேட்பார்கள், அதிர்ச்சியாக வேண்டாம்.

விமான நிலையத்திலிருந்து எப்படி வருவது?

மெட்ரோ நிலையம் விமான நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. சிவப்புத் தடத்தில் ஏறி அலமேடாவில் பச்சைத் தடத்துக்கு மாறினால் ரோசியோ, பைஷா-ஷியாடு எல்லாம் வந்துவிடும். இயந்திரத்தில் நவேகான்ட் என்ற அட்டை வாங்க வேண்டும், அட்டைக்கு அரை யூரோ. ஆளுக்கு ஓர் அட்டை கட்டாயம். ஓர் அட்டையைத் தேய்த்துவிட்டு இரண்டு பேர் நுழைவது இங்கே நடக்காது. 24 மணி நேர டிக்கெட் ஏழு யூரோ அளவில் வரும். மெட்ரோ, பேருந்து, டிராம் எல்லாவற்றுக்கும் செல்லும்.

ஊரே குன்றும் படியுமாம். முட்டிவலி உள்ள அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

கூட்டிப் போகலாம். ஏறுவதற்கு ஏதாவது ஒரு வண்டி, இறங்குவதற்கு மட்டும் கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். பைஷா தெருக்கள் சமதரை. அங்கிருந்து ஷியாடு மேட்டுக்கு ஏற பைஷா-ஷியாடு மெட்ரோ நிலையத்துக்குள் புகுந்து நகரும் படிக்கட்டில் மறுபக்கம் வெளியே வந்தால் போதும், டிக்கெட் வேண்டாம். கோட்டைப் பக்கம் போக, ஃபான்கெய்ரோஸ் தெருவில் பார்த்தால் சாதாரண வீடு போலத் தெரியும் ஒரு கட்டடத்துக்குள் இலவச லிஃப்ட் இருக்கிறது. அதில் ஏறி வெளியே வந்து கொஞ்சம் நடந்தால், ஒரு சூப்பர்மார்க்கெட் இருக்கும் கட்டடத்தில் அடுத்த இலவச லிஃப்ட். இரண்டும் சேர்ந்து முக்கால்வாசி மலையை ஏற்றிவிடும்.

கம்பியிழுவை டிராம்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1885-இல் தொடங்கிய குளோரியா வண்டி 2025 செப்டம்பர் 3 அன்று தடம் புரண்டு 16 பேர் இறந்தார்கள். அதன்பின் மற்ற இழுவை வண்டிகளையும் சோதனைக்காக நிறுத்தினார்கள். ஆகவே பழைய பயணக் குறிப்புகளை நம்பித் திட்டம் போடாமல், எது ஓடுகிறது என்று அந்த வாரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

செருப்பு விஷயத்தில் கறாராக இருங்கள். நடைபாதை முழுக்க வெள்ளையும் கறுப்புமாகச் சின்னச் சின்னச் சுண்ணாம்புக்கல் பதித்திருப்பார்கள். கோலம் போட்டது போல அழகு. தூறல் விழுந்தால் சோப்புத் தண்ணீர் ஊற்றிய தரை. அடிப்பகுதி தேய்ந்த செருப்போடு வராதீர்கள்.

அப்புறம், நம்ம ஆட்டோவையும் அங்கே பார்ப்பீர்கள். டுக்டுக் என்று பெயர், சுற்றுலாப் பயணிகளுக்கு மட்டும். மணிக்குக் கேட்கும் தொகையைக் கேட்டால் மயிலாப்பூர் ஆட்டோக்காரர்கள் மேல் மரியாதை வந்துவிடும்.

28-ஆம் எண் டிராமில் ஏறியே ஆக வேண்டுமா?

மஞ்சள் நிற மரப்பெட்டி, 1930-களின் வண்டி, சந்துகளில் சுவரை உரசாத குறையாகத் திரும்பும். அழகுதான். காலை பத்து மணிக்கு, வண்டி கிளம்பும் மார்த்தீம் மொனீஷில் நிற்கும் வரிசையைப் பார்த்தால் அந்த அழகு கொஞ்சம் குறையும். எட்டு மணிக்கு முன்னால் போங்கள், அல்லது எதிர்முனையான காம்பு டி ஓரிக்கிலிருந்து ஏறுங்கள். கோட்டைக் குன்றைச் சுற்றிவரும் 12-ஆம் எண்ணிலும் இதே மஞ்சள் வண்டிதான், கூட்டம் கொஞ்சம் குறைவு.

பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். முதல் முறை போனபோது, ஜன்னல் வழியே ஒரு பாட்டி துணி உலர்த்துவதைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். இறங்கும்போது பர்ஸ் இல்லை. படம் நன்றாக வந்திருக்கிறது.

கோட்டைக்கு டிக்கெட் வாங்கலாமா?

சாவ் ஜோர்ஜ் கோட்டையை 1147-இல் முஸ்லிம் மூர்களிடமிருந்து போர்ச்சுகலின் முதல் மன்னர் அஃபோன்சு கைப்பற்றினார். இப்போது உள்ளே மதில், கோபுரங்கள், காட்சி, நிறைய மயில்கள். மயிலைப் பார்க்க நாம் ஐரோப்பாவுக்கு வர வேண்டியதில்லை. காட்சிதான் வேண்டும் என்றால் மிரடோரு என்று அழைக்கப்படும் பார்வை மேடைகள் ஊர் முழுக்க இலவசம். எனக்குப் பிடித்தது செஞ்யோரா டு மோண்டி. கோட்டையே அங்கிருந்து கீழே தெரியும். நடக்கும் வழியில் போர்டாஸ் டு சோல் மேடையில் ஒரு காபி. பிள்ளைகள் கூட இருந்தால் மட்டும் கோட்டைக்குள் போகலாம், மதில்மேல் ஓட இடம் உண்டு.

நகர நடுப்பகுதி மட்டும் ஏன் கோடு கிழித்தது போல நேர்நேராக இருக்கிறது?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்குச் சந்தோஷம். 1755 நவம்பர் 1, கத்தோலிக்கர்களுக்கு எல்லாப் புனிதர்களின் திருநாள். காலையில் ஊரே தேவாலயங்களில் இருந்தபோது பெரும் நிலநடுக்கம். கூரைகள் ஜனங்கள் மேலேயே விழுந்தன. தப்பியவர்கள் திறந்தவெளி தேடி ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். ஆறு பின்வாங்கி, பிறகு ஆழிப்பேரலையாகத் திரும்பி வந்தது. திருநாளுக்காக ஏற்றியிருந்த மெழுகுவர்த்திகளும் அடுப்புகளும் சரிந்து பிடித்த தீ நாள்கணக்கில் எரிந்தது. 2004 டிசம்பர் 26-ஐ நினைவில் வைத்திருக்கும் நமக்கு, திருநாளுக்கு மறுநாள் காலை கடல் பின்வாங்கிய காட்சி என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதன்பின் மன்னர் ஜோசேயின் அமைச்சர், பின்னாளில் பொம்பால் பிரபு என்று பட்டம் பெற்றவர், பைஷாவை மொத்தமாகப் புதிதாகக் கட்டினார். நேர்த்தெருக்கள், ஒரே மாதிரியான முகப்புகள். சுவருக்குள் மரச்சட்டங்களால் கூண்டு போன்ற ஒரு சட்டகம். நிலம் ஆடினால் கட்டடம் உடையாமல் கூடவே ஆட வேண்டும் என்று. மாதிரியைச் செய்து, சிப்பாய்களைச் சுற்றி அணிவகுத்து மிதிக்கவைத்துச் சோதித்தார்கள் என்பார்கள்.

கையோடு மேலே ஷியாடு பக்கம் கார்மு மடத்துக்குப் போங்கள். கூரை விழுந்த தேவாலயத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். கல் வளைவுகள் மட்டும் நிற்க, நடுவில் வானம். எனக்கு இந்த ஊரில் ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் காசு கொடுக்கலாம் என்றால் இதற்குத்தான் கொடுப்பேன். ஞாயிறு விடுமுறை என்பதால் சனிக்கிழமையே போய்விட வேண்டும். வாசலில் உள்ள சின்னச் சதுக்கத்தில்தான் 1974 ஏப்ரல் 25 அன்று, படைமுகாமுக்குள் தஞ்சம் புகுந்திருந்த, சர்வாதிகார ஆட்சியின் பிரதமர் கயதானு சரணடைந்தார். சிப்பாய்களின் துப்பாக்கி முனையில் மக்கள் கார்னேஷன் பூச் செருகிய புரட்சி அது. இப்போது அங்கே மரநிழலில் நாற்காலி போட்டுப் பீர் விற்கிறார்கள்.

பெலேமில் என்ன பார்க்க வேண்டும்?

15-ஆம் எண் டிராம் போகும். ஜெரோனிமுஸ் மடம் 1501-இல் கட்டத் தொடங்கியது. மிளகு உள்ளிட்ட கீழைநாட்டுச் சரக்குகள் மேல் விழுந்த வரியில் எழுந்தது. தூண்களில் கப்பல் கயிறு, கடற்சிப்பி, அயல்நாட்டுச் செடிகொடி எல்லாம் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே தேவாலயத்தில் வாஸ்கோ ட காமாவின் கல்லறை. 1498-இல் கோழிக்கோட்டில் இறங்கியவர். பள்ளிப் பாடத்தில் மனப்பாடம் செய்த ஆளின் தலைமாட்டில் நிற்பது ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். அவர் கண்டுபிடித்ததாக நாம் பரீட்சையில் எழுதியது நம் வீட்டு வாசலைத்தான்.

டிக்கெட்டை முன்பே இணையத்தில் எடுத்துவிடுங்கள், காலையில் முதல் ஆளாகப் போங்கள். திங்கள் விடுமுறை. பெலேம் கோபுரத்தை வெளியிலிருந்து பார்த்தால் போதும். உள்ளே குறுகிய படியும் கூட்டமும்தான்.

தமிழுக்கும் லிஸ்பனுக்கும் ஏதோ தொடர்பு என்கிறார்களே?

இருக்கிறது, நல்ல கெட்டியான தொடர்பு. தமிழில் அச்சான முதல் புத்தகம் 1554-இல் லிஸ்பனில்தான் அச்சானது. கிறிஸ்தவ மறைபோதனை நூல், ஆனால் தமிழை ரோமன் எழுத்தில் எழுதியிருந்தார்கள். இன்று வாட்சப்பில் நாம் செய்வதை அன்றே செய்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்திலேயே 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சாயிற்று.

அதைவிட, பேச்சில் இருக்கும் தொடர்பு உங்களுக்கே தட்டுப்படும். விடுதியில் அவர்கள் 'ஜனேலா' என்பது நம் ஜன்னல், 'ஷாவி' நம் சாவி, 'மேசா' நம் மேசை, 'துவாலியா' நம் துவாலை. அலமாரி, ஏலம், அன்னாசி, பீப்பாய், பாதிரி எல்லாம் அங்கிருந்து வந்தவை. இலங்கைத் தமிழர்களுக்கு இன்னும் வேடிக்கை: குசினி, சப்பாத்து என்று யாழ்ப்பாணத்தில் சொல்வதை லிஸ்பன் கடைப் பலகையில் படிக்கலாம். 1619-இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தவர்கள் விட்டுப்போன சொற்கள். என்னோடு வந்த வல்வெட்டித்துறை அண்ணர் ஒருவர் செருப்புக்கடை முன் நின்று பத்து நிமிடம் சிரித்தார்.

எங்கே சாப்பிடுவது?

ஐந்து மொழியில் படம் போட்ட மெனுவை வெளியே வைத்து, ஆளை நிறுத்தி உள்ளே கூப்பிடும் கடையைத் தவிர எங்கே வேண்டுமானாலும். 'தாஸ்கா' என்று போட்டிருந்தால் அது சின்னச் சாப்பாட்டுக்கடை. தாளை மேசைமேல் விரித்து, பில்லையும் அதிலேயே எழுதிக் கணக்குப் போடும் கடையானால் இன்னும் விசேஷம். மதியம் 'ப்ராத்து டு தீயா' என்று கேளுங்கள், அன்றைய சாப்பாடு. பத்துப் பன்னிரண்டு யூரோவில் வயிறு நிறையும். 'மெய்யா தோஸ்' என்றால் அரைப்பங்கு. ஒருவருக்கு அதுவே அதிகம். பல தாஸ்காக்கள் ஞாயிறு மூடியிருக்கும், ஆகவே நல்ல சாப்பாட்டைச் சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குத்தான் சூடு பிடிக்கும்.

கேட்காமலே ரொட்டியும் ஆலிவும் கொண்டுவந்து வைத்தார்கள். இலவசமா?

இல்லை! இதற்குப் பெயர் 'கூவேர்'. தொட்டால் காசு, தொடாவிட்டால் காசு இல்லை. வேண்டாமென்றால் எடுத்துப்போகச் சொல்லலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். ஒரு கடையில் நாங்கள் ஆறு பேர் இது விருந்தோம்பல் என்று நினைத்து ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, ஆலிவ் என்று காலி செய்துகொண்டே இருந்தோம், அவர்களும் வைத்துக்கொண்டே இருந்தார்கள். பில் வந்தபோது கூவேர் தொகையில் இன்னும் இரண்டு மீன் சாப்பிட்டிருக்கலாம்.

என்ன சாப்பிட வேண்டும்?

மீன். பக்கலியாவ் என்பது உப்பிட்டுக் காயவைத்த காட் மீன், நம் கருவாட்டுக்கு அண்ணன். அந்த மீன் அவர்கள் கடலில் கிடைப்பதில்லை; நார்வே பக்கத்து வடகடலிலிருந்து வருவதைத் தண்ணீரில் ஊறப்போட்டு உப்பெடுத்துச் சமைக்கிறார்கள். முதல் தடவைக்கு 'பக்கலியாவ் ஆ ப்ராஸ்' கேளுங்கள். பிய்த்த மீன், தீக்குச்சி போல வறுத்த உருளைக்கிழங்கு, வெங்காயம், முட்டை சேர்த்துப் புரட்டியது. முட்டைப் பொடிமாஸுக்குப் பழகிய நாக்கு உடனே ஒத்துப்போகும். கோடையில் சுட்ட மத்தி. சோறில்லாமல் முடியாது என்பவர்களுக்கு 'அரோஸ் டி மரிஷ்கு', குழைவாக இறால், சிப்பி போட்ட சோறு. மீனோடு தக்காளிச் சோறும் தருவார்கள், நம் தக்காளிச் சாதம் கொஞ்சம் ரசம் ஊற்றியது போல. காரம் போதாது என்றால் 'பிரி-பிரி' கேளுங்கள். நமக்கு மிளகாயைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள்தானே, கொடுக்கட்டும்.

நின்றபடி சாப்பிட 'பிஃபானா', பன்னுக்குள் பூண்டில் ஊறிய பன்றிக்கறி. கண்ணாடிப் பெட்டிக்குள் 'ஷமூசா' என்று ஒன்று இருக்கும், அது சமோசாவேதான். கோவாவிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் வந்தவர்கள் கொண்டுவந்தது.

நாங்கள் சுத்த சைவம். பட்டினியா?

பட்டினி இல்லை, ஆனால் விசாரிக்க வேண்டும். 'கால்டு வெர்டி' கீரைச் சூப்தானே என்று வாங்கினால் மேலே ஒரு வில்லை பன்றித் தொத்திறைச்சி மிதக்கும். 'செம் கார்னி, செம் பெய்ஷி' – கறி வேண்டாம், மீன் வேண்டாம் – இரண்டையும் சொல்லுங்கள். ஒன்றைச் சொன்னால் மற்றது வரும். 'பெய்ஷினியுஸ் டா ஓர்ட்டா' என்றால் தோட்டத்துக் குட்டிமீன்கள். பெயரில்தான் மீன், உள்ளே இருப்பது மாவில் தோய்த்துப் பொரித்த பீன்ஸ். பஜ்ஜி என்று சொல்லிவிடலாம். ஜப்பானின் டெம்புராவுக்கு வழிகாட்டி இதுதான். மாவில் முட்டை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மார்த்தீம் மொனீஷைச் சுற்றி வங்கதேச, பாகிஸ்தானியக் கடைகள் நிறைய. ஹலால் தேடுபவர்களும் பருப்புக்கும் சோற்றுக்கும் ஏங்குபவர்களும் அங்கே போகலாம்.

அந்த முட்டைப் பணியாரம்?

பஷ்டேல் டி நாட்டா. அடுக்கடுக்கான மொறுமொறு மாவுக் கிண்ணத்தில் முட்டை மஞ்சள் கருப் பால்கூழ், மேலே கருகல். மடங்களில் வெள்ளைக்கருவைத் துணிக்குக் கஞ்சி போடப் பயன்படுத்தியதால் மஞ்சள் கரு மிஞ்சி, அதிலிருந்து இத்தனை இனிப்புகள் பிறந்தன என்பது வழக்கமாகச் சொல்லும் கதை. பெலேமில் மடத்துக்கு அருகே 1837 முதல் ஒரே கடை அந்த மடத்துச் செய்முறையில் செய்கிறது. அங்கே மட்டும் பெயர் 'பஷ்டேய்ஸ் டி பெலேம்'. வெளியே நீளும் வரிசை பார்சலுக்கு. உள்ளே நுழைந்தால் அறைக்குப் பின் அறையாக நீலத் தட்டோடு பதித்த சுவர்கள், பெரும்பாலும் இடம் கிடைத்துவிடும். சூடாக, மேலே லவங்கப்பட்டைத் தூள் தூவி. ஆளுக்கு இரண்டு சொல்லுங்கள். ஒன்று சொன்னவர்கள் எல்லோரும் திரும்ப வரிசையில் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

நல்ல காபி கிடைக்குமா?

கிடைக்கும், சின்னதாக. 'பிக்கா' என்றால் இரண்டு மிடறு கெட்டிக் காபி. பால் வேண்டுமானால் 'கலாவ்', உயரமான கண்ணாடி டம்ளரில் வரும். டிகாஷன் போதாத நாளில் வீட்டில் கிடைக்கும் காபி போல இருக்கும், குறை சொல்வதற்கில்லை. கல்லாப் பக்கம் நின்று குடித்தால் விலை குறைவு.

குடிக்க?

ரோசியோ பக்கம் சாவ் டொமிங்கு தேவாலய வாசலில் ஒரு பொந்து போன்ற கடை, 1840 முதல் 'ஜின்ஜினியா' ஊற்றுகிறது. புளிப்புச் செர்ரிப் பழம் ஊறிய இனிப்பு மது. பழத்தோடா, இல்லாமலா என்று கேட்பார்கள். பழத்தோடு என்று சொல்லுங்கள், கொட்டையை விழுங்காதீர்கள். காலையிலேயே தாத்தாக்கள் ஒரு கோப்பையோடு நிற்பார்கள். (கோப்பையும் அவர்கள் சொல்தான்.)

'வீனியு வெர்டி' என்றால் பச்சை ஒயின் என்று பொருள், நிறம் பச்சை இல்லை. இளசாகக் குடிக்கும் ஒயின். வடக்கே மீனியோ பகுதியிலிருந்து வருவது, லேசாக நாக்கில் சுறுசுறுக்கும், மீனுக்குப் பொருத்தம். சின்ன பீர் வேண்டுமானால் 'இம்பெரியால்' என்று கேளுங்கள். போர்ட் ஒயின் போர்ட்டு நகரத்துக்காரர்களுடையது, இங்கேயும் கிடைக்கும், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு சின்ன டம்ளர். பைரு ஆல்ட்டு தெருக்களில் இரவு பத்து, பதினொன்றுக்குத்தான் கூட்டம் சேரும். அதனால் விடுதியை அங்கே எடுக்காதீர்கள். குடிக்காதவர்களுக்குக் குழாய்த் தண்ணீரே நல்ல தண்ணீர்.

லிஸ்பனின் சோகப்பாட்டான ஃபாடோ கேட்கலாமா? மொழி புரியாதே.

ஒப்பாரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு மொழி எதற்கு? விளக்கைக் குறைப்பார்கள். பன்னிரண்டு கம்பி போர்ச்சுகீசிய கித்தார் தொடங்கும். பாடுபவர் கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் ஸ்பூன் சத்தம்கூட வரக் கூடாது. பேசினால் அதட்டுவார்கள். அல்ஃபாமாவும் மொராரியாவும் இதற்குப் பேர்போன பகுதிகள். மொராரியாவில் வாழ்ந்து 26 வயதில் 1846-இல் இறந்த பாடகி மரியா செவேராவிலிருந்து கதையைத் தொடங்குவார்கள். 1999-இல் இறந்த ஃபாடோ பாடகி அமாலியா ரொட்ரிகிஷ் நாட்டின் தேசியச் சமாதி மண்டபத்தில் இருக்கிறார். சாப்பாட்டோடு சேர்ந்த இடங்களில் ஆளுக்கு ஐம்பது யூரோ வரை ஆகும். பதிவு செய்யுமுன் குறைந்தபட்சத் தொகை என்ன என்று கேளுங்கள். 'ஃபாடோ வாடியு' என்று எழுதியிருந்தால் அக்கம்பக்கத்து ஆட்கள் எழுந்து பாடும் இடம். ஒருமுறை சமையல்காரம்மாவே கையைத் துடைத்துக்கொண்டு வந்து பாடினார். அந்த இரவு மீன் கொஞ்சம் தீய்ந்துதான் வந்தது.

பயமில்லாமல் நடக்கலாமா?

நடக்கலாம், பிக்பாக்கெட்டைத் தவிர. பைஷாவில் யாராவது காதோடு கஞ்சா வேண்டுமா என்று கேட்பார்கள். திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருங்கள். அவர்கள் விற்பது பெரும்பாலும் பிரிஞ்சி இலைத் தூளும் சமையலறைப் பொருளும்தான்.

ஞாயிறு மாலை விமானத்துக்கு முன் மூன்று மணி நேரம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

கைஷ் டு சோத்ரேயிலிருந்து படகேறி அக்கரை கசிலியாஷுக்குப் போங்கள். பத்து நிமிடம், அதே அட்டையிலேயே காசு கழியும். கரையோரம் நடந்தால் ஒரு பக்கம் 1966-இல் திறந்த சிவப்புத் தொங்கு பாலம், எதிரே குன்று குன்றாக லிஸ்பன் மொத்தமும். இரண்டு நாளாக ஏறி இறங்கிய மேடெல்லாம் ஒரே பார்வையில் தெரியும்.

ஷெங்கனுக்கு வெளியே பறப்பவர்கள் – லண்டன்காரர்களும் இதில் சேர்த்தி – அக்கரையில் நேரம் மறந்துவிடாதீர்கள், பாஸ்போர்ட் வரிசை நீளம். ஜின்ஜினியா பாட்டிலைப் பெரிய பெட்டியில் வையுங்கள். எண்ணெயில் போட்ட மத்தி டின்னையும் அப்படியே. கைப்பையில் எண்ணெய் திரவக் கணக்கில் வந்துவிடும். பழம்பொருள் சந்தையில் பழைய நீலச் சுவரோடு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள், யாரோ ஒருவர் வீட்டுச் சுவரிலிருந்து பெயர்த்ததாக இருக்கலாம். கடையில் புதிதாகச் செய்ததே அழகாக இருக்கிறது.